பராமரிப்பில் இருப்பவர்களின் சிறுநீர்க் கசிவு: அவர்கள் கூனிக்குறுகாதபடி உதவுவது எப்படி?

கேள்வி: புதிய மேற்பார்வையாளர்

வணக்கம். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நெடுநாளாகக் கணக்கும் கொள்முதலும் பார்த்துவந்த நான், அண்மையில் பகல்நேரப் பணியாளர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டேன். உடற்பராமரிப்பில் எனக்கு முறையான பயிற்சி கிடையாது. ஆகவே என் கேள்வியில் அறியாமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதந்தோறும் எத்தனை கட்டு டயப்பர் வாங்குகிறோம் என்பது மட்டுமே முன்பு எனக்குத் தெரியும். அவை யாருக்கு, எதற்காக அணிவிக்கப்படுகின்றன என்பதை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். புதிதாக வந்து சேர்பவர் தாமாக எழுந்து நடக்கக்கூடியவராக இருந்தாலும், முதல் நாளே அவருக்கு டயப்பர் அணிவித்துவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. காரணம் கேட்டால், அவசரமாக எழுந்து விழுந்துவிடுவார்கள் என்றும், படுக்கை நனைந்தால் மாற்றுவதற்கு ஆள் போதாது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் பொய்யல்ல.

என் மனத்தை உறுத்துபவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். இங்கு வந்தபோது தடியூன்றித் தாமே கழிப்பறைக்குச் சென்றுவந்தார். இப்போது தண்ணீர் கொடுத்தால் வாயை நனைத்துக்கொண்டு குவளையைத் தள்ளிவைத்துவிடுகிறார். நனைந்த உள்ளாடையை மடித்து மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்ததை ஒரு பணியாளர் கண்டெடுத்து, கூடத்தில் பத்துப் பேர் இருக்கையில் அதைப் பற்றி உரக்கக் கேட்டுவிட்டார். அதன்பின் அவர் உணவறைக்கு வருவதே இல்லை. மற்றொருவர், மறதிநோய் உள்ள ஓர் அம்மா. உடை மாற்றப் போனால் அடிக்கிறார், கிள்ளுகிறார். அவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு மாற்றுகிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

பணியாளர்கள் கெட்டவர்கள் அல்லர். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: இரவுப்பணிச் செவிலியர்

ஐயா, வணக்கம். முதியோர் பராமரிப்பில் நெடுங்காலமாக இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

கசிவு என்பது முதுமையோடு தானாக வந்து சேரும் ஒன்று என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். அது ஓர் அறிகுறி; அதற்குப் பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கும், பல நேரங்களில் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கும். இருமும்போதும் தும்மும்போதும் எழும்போதும் சொட்டுவது ஒரு வகை. உந்துதல் வந்த நொடியிலேயே, கழிப்பறையை எட்டுவதற்குள் வெளியேறிவிடுவது இன்னொரு வகை. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்தாலோ நீண்டகால நீரிழிவு நரம்புகளைப் பாதித்ததாலோ சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் நிரம்பி வழிவது மூன்றாவது. சிறுநீர்ப்பை நன்றாகவே இருந்தும், மூட்டுவலியால் நேரத்துக்கு எழ முடியாமலோ, பொத்தானை அவிழ்க்க முடியாமலோ, கழிப்பறை எங்கே என்று தெரியாமலோ நனைத்துக்கொள்வது நான்காவது. இல்லங்களில் நான் மிகுதியாகக் கண்டது இந்த நான்காவது வகைதான். இதற்கு மருந்து தேவையில்லை. உரிய நேரத்தில் ஒரு கை தேவை. அந்தக் கையை நீட்டாமல் டயப்பரை அணிவித்தால், அடக்கத் தெரிந்த ஒருவருக்கு நாமே அடக்க வேண்டாம் என்று கற்பிக்கிறோம்.

உங்கள் ஆசிரியருக்கு இது அண்மையில்தான் தொடங்கியிருந்தால், அவரை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், திடீர்க் குழப்பம் ஆகியவை உண்டா என்று கேளுங்கள். அடிவயிறு வலித்து வீங்கியிருந்தும் சிறுநீர் வராமல் இருப்பதும், முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்து மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போவதும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலைகள். அறிகுறி எதுவும் இல்லாமல் முதியவர்களின் சிறுநீரில் கிருமிகள் இருப்பது சாதாரணம்; பரிசோதனைத் தாளின் நிறம் மாறியதை மட்டும் வைத்துக்கொண்டு ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்.

மலச்சிக்கலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மலக்குடலில் இறுகிக் கிடக்கும் மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். அது மட்டுமன்றி, இறுகிய கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து வரும். அதை வயிற்றுப்போக்கு என்று கருதி வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தைக் கொடுத்து, நிலைமையை இன்னும் மோசமாக்கிய பதிவேடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மருந்துகள். உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் மாத்திரை, தூக்க மாத்திரை, சில மனநல மருந்துகள் ஆகியவை கசிவைத் தூண்டலாம் அல்லது கூட்டலாம். மாத்திரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்பது பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறு. குடிப்பது குறைந்தால் சிறுநீர் செறிவாகிப் பையை உறுத்தும், உந்துதல் கூடும், மலம் இறுகும், தொற்றும் எளிதாகும். இதய, சிறுநீரக நோய்களுக்காக மருத்துவர் அளவு கட்டியிருந்தால் ஒழிய, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவில் பகல் முழுவதும் பரவலாகக் குடிக்கட்டும். காபி, தேநீர் ஆகியவற்றை மட்டும் குறைத்துப் பாருங்கள்.

இவற்றோடு, மூன்று நாள்களுக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். எப்போது, எவ்வளவு குடித்தார், எப்போது கழித்தார், எப்போது நனைந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்ற நான்கு செய்திகள் போதும். மூன்றாம் நாள் முடிவில் அந்தத் தாள் உங்களிடம் பேசும். பத்து மணிக்கு நனைகிறது என்று தெரிந்தால் ஒன்பதே முக்காலுக்கு அழைத்துச் செல்லலாம். எல்லாரையும் ஒரே மணியடித்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரிசையாக அழைத்துப்போவது தொழிற்சாலை முறை. ஒன்றும் இல்லாததற்கு அது மேல் என்றாலும், ஒவ்வொருவருக்கும் உரிய நேரத்தைக் கண்டறிவதே சிறந்தது.

மறுமொழி 2: அனுபவித்தவன்

நான் பராமரிப்பாளன் அல்லன், பராமரிக்கப்பட்டவன். புராஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் எனக்குக் கசிவு இருந்தது. இப்போதும் கனமான பொருளைத் தூக்கினால் சிறிது சொட்டும். செவிலியர் அம்மா சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் ஆசிரியர் ஏன் ஒளித்துவைத்தார் என்பதை அந்தப் பக்கத்திலிருந்து சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஈரம் பெரிய துன்பம் அன்று. அது எப்போது வெளியே தெரியும் என்று காத்திருப்பதே துன்பம். எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் எழுந்தபின் திரும்பிப் பார்ப்பேன். எனக்கே வாடை வராவிட்டாலும், பிறருக்கு வருகிறதோ என்று அவர்களுடைய முகத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். மருத்துவமனையில் இருந்தபோது இரண்டு உதவியாளர்கள் என் கட்டிலின் இருபுறமும் நின்றுகொண்டு, என் தலைக்கு மேலாக, "இவருக்கு மாற்றியாயிற்றா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கேட்டதில் வெறுப்பு இல்லை; நான் அங்கே இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அன்று மாலையிலிருந்து நானும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

அதே இடத்தில் வேறோர் உதவியாளர் இருந்தார். அவர் திரையை இழுத்து மூடிவிட்டு, மாற்றுடையும் ஈரத் துணியும் ஒரு பையும் கட்டிலின் மேல் வைத்து, "நீங்களே செய்துகொள்கிறீர்களா, நான் உடனிருக்கட்டுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். நானே செய்துகொள்வதாகச் சொன்னால் வெளியே போய் நிற்பார். எனக்குப் பத்து நிமிடம் ஆகும். அவர் செய்தால் இரண்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தை அவர் எனக்குக் கொடுத்தார்.

ஆகவே ஆசிரியருடைய அறையில் மூடியுள்ள ஒரு கூடையை வையுங்கள். நனைந்ததை அதில் போட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். அவர் ஒளித்துவைத்த துணி, அவர் இன்னும் தம் மானத்தைத் தாமே காத்துக்கொள்ள முயல்கிறார் என்பதற்கு அடையாளம். அதைக் குற்றமாக எண்ணாதீர்கள்.

மறுமொழி 3: அம்மாவைப் பார்த்துக்கொண்டவள்

மறதிநோய் உள்ள அந்த அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் அம்மாவுக்கும் அந்நோய் இருந்தது. ஆறு ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டேன்.

அவர் அடிப்பதை உங்கள் பணியாளர்கள் முரட்டுத்தனம் என்று எழுதிவைப்பார்கள். அவர் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள்: முகம் தெரியாத இரண்டு பேர் அறைக்குள் வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் கீழாடையை இழுக்கிறார்கள். மானமுள்ள எந்தப் பெண்ணும் அடிப்பாள். என் அம்மா என்னையே அடித்திருக்கிறார்.

நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது இது. முன்பக்கமாக வந்து, கண்மட்டத்தில் நின்று, பெயர் சொல்லி அழைத்து, அவர் என்னைப் பார்க்கும்வரை காத்திருப்பேன். செய்யப்போவதை ஒவ்வொன்றாக, சிறு சிறு வாக்கியங்களாகச் சொல்வேன். மேலாடையைக் கழற்றமாட்டேன், இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஒரு பெரிய துண்டைப் போர்த்திவிட்டு, அதற்கு உள்ளேயே மாற்றுவேன். கையில் மடித்த துணி ஒன்றைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்; கைக்கு வேலை இருந்தால் தள்ளுவது குறையும். அப்படியும் மறுத்தால், மலம் இல்லாதபோது, விட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வருவேன். பெரும்பாலும் இரண்டாம் முறை ஒத்துக்கொள்வார். பெண்ணுக்குப் பெண்தான் மாற்ற வேண்டும் என்று அவர் விரும்பினால், ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அதை மீறாதீர்கள்.

கழிப்பறைக்கு நேரம் வந்ததை வாயால் சொல்லமாட்டார்கள், உடலால் சொல்வார்கள். அம்மா முந்தானையைத் திருகுவார். எழுந்து எழுந்து உட்காருவார். மூலையில் போய் நிற்பார். வெண்மைத் தரையில், வெண்மைச் சுவருக்கு முன்னால் உள்ள வெண்மைக் கழிப்பிடம் அவருடைய கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது. அழுத்தமான நிறத்தில் இருக்கைப் பலகை மாற்றினோம். கதவைத் திறந்தே வைத்தோம். கதவில் எழுத்தோடு படமும் ஒட்டினோம். கண்ணில் பட்டபோது அவராகவே போய் அமர்ந்த நாள்களும் உண்டு.

இன்னொன்று: டயப்பர் என்ற சொல்லை அவர் முன்னால் நான் பயன்படுத்தியதில்லை. உள்ளாடை என்றே சொல்வேன். குழந்தைகளிடம் பேசும் கொஞ்சுமொழியும் வேண்டாம்.

மறுமொழி 4: இயன்முறை மருத்துவர்

சுருக்கமாகச் சில. சொல்வதைப் புரிந்து செய்யக்கூடியவர்களுக்கு சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி பலன் தரும். இதை 1948இல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிப் பரவலாக்கினார். காற்றை அடக்குவதுபோல் தசையைச் சுருக்கி, சில நொடிகள் பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்த பிறகே பலனை மதிப்பிட வேண்டும். மூச்சை அடக்குவதும் வயிற்றை இறுக்குவதும் தவறு. மறதி முற்றியவர்களிடம் இதை வற்புறுத்துவதில் பயனில்லை.

நாற்காலியின் உயரத்தைப் பாருங்கள். தாழ்ந்த மெத்தை நாற்காலியிலிருந்து எழவே ஒருவருக்கு ஒரு நிமிடம் பிடித்தால், கசிவுக்குக் காரணம் பை அல்ல, நாற்காலி. கைப்பிடியுள்ள உயர்ந்த நாற்காலி, கழிப்பறைச் சுவரில் பிடிமானம், பொத்தானுக்குப் பதிலாக எலாஸ்டிக் இடுப்புடைய ஆடை ஆகியவை பல மாத்திரைகளைவிட மேலானவை. மலம் கழிக்கக் காலைச் சிற்றுண்டிக்குப் பிந்திய அரை மணி நேரம் நல்ல பொழுது; உணவு இரைப்பையை எட்டியதும் பெருங்குடல் இயல்பாகவே அசையும். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரும்படி காலடியில் ஒரு சிறு பலகை வைத்து, முன்புறம் சாய்ந்து அமரட்டும். அவர் அமர்ந்திருக்கும்போது கதவைத் தட்டி அவசரப்படுத்தக் கூடாது.

கேள்வி கேட்டவர்: புதிய மேற்பார்வையாளர்

அனைவருக்கும் நன்றி. மூடியுள்ள கூடையை நேற்றே வைத்துவிட்டேன். இரவைப் பற்றிக் கேட்க வேண்டும். இரவில் இரண்டே பணியாளர்கள். அவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விளக்கைப் போட்டு ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்கிறார்கள். இதுவே நல்ல பராமரிப்பு என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியானால் டயப்பரை முற்றிலும் விட்டுவிட முடியாது அல்லவா?

மறுமொழி 5: இரவுப்பணிச் செவிலியர்

விட்டுவிடச் சொல்லவில்லை. காரணம் தேடாமல் முதல் நாளே அணிவிப்பதைத்தான் தவறு என்றேன். இரவில், எழவே முடியாதவருக்கு, நன்றாக உறிஞ்சக்கூடியதும் உடலுக்குப் பொருந்தியதுமான ஒன்றை அணிவித்து அவரைத் தூங்கவிடுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்புவதைவிடக் கண்ணியமானது என்பது என் கருத்து. உறக்கம் கெட்டவர் மறுநாள் தள்ளாடுவார், விழுவார். தாமாக விழித்துக்கொள்பவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். படுக்கைக்கு அருகில் கமோடு நாற்காலியோ கையில் பிடிக்கும் யூரினலோ இருந்தால், தரைமட்டத்தில் மங்கலான விளக்கு ஒன்றும் இருந்தால், பலர் உதவியின்றியே சமாளித்துக்கொள்வார்கள்.

ஒரு டயப்பருக்குள் இன்னொன்றை வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே வைத்ததன் அடிப்புறத்தில் நீர்புகாத தாள் இருப்பதால் வெளியே உள்ளதற்கு எதுவும் போய்ச் சேராது. தொடைக்கு இடையில் சூடும் உராய்வும்தான் மிஞ்சும். பெரிய அளவு வாங்கினால் நிறையப் பிடிக்கும் என்பதும் தவறு. தளர்ந்திருந்தால் ஓரம் வழியாக ஒழுகும்.

தோலையும் கவனியுங்கள். இயல்பான தோலின் மேற்பரப்பு சற்று அமிலத் தன்மை உடையது. சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியாவாகும்போது அந்தத் தன்மை மாறி, தோல் ஊறி, சிவந்து, உரியத் தொடங்கும். மலமும் கலந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். மலம் கழித்திருந்தால் தூக்கத்தைப் பார்க்காமல் உடனே மாற்றியே ஆக வேண்டும். காரமான சோப்பு போட்டுத் தேய்ப்பது தோலை மேலும் கெடுக்கும். மென்மையான திரவத்தால் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஒற்றியெடுத்து, பாதுகாப்புக் களிம்பை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். களிம்பை அப்பிவைத்தால் அது டயப்பரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

ஆள் இல்லை என்பதற்காகக் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் குழாய்) பொருத்தக் கேட்கும் குடும்பங்களும் உண்டு. சிறுநீர் தேங்குவது போன்ற தக்க மருத்துவக் காரணம் இல்லாமல் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். ஏற்கெனவே பொருத்தியவர் கூடத்துக்கு வரும்போது குழாயோடு இணைந்த சிறுநீர் சேகரிக்கும் பையை உடையால் மறைத்துக் கட்டிவிடுங்கள்.

மறுமொழி 6: அம்மாவைப் பார்த்துக்கொண்டவள்

இரவைப் பற்றி எனக்குச் சற்று மாற்றுக் கருத்து உண்டு. அம்மா ஈரத்தோடு உறங்குவதில்லை; விழித்துக் கிடப்பார், ஆனால் சொல்லமாட்டார். நீங்கள் கதவருகே நின்று பார்த்தால் உறங்குவதுபோலவே இருக்கும். எழுப்ப வேண்டாம் என்ற முடிவையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

மறுமொழி 7: இரவுப்பணிச் செவிலியர்

நீங்கள் சொல்வது சரி, அம்மா. அவரவரிடமே கேட்க வேண்டும். கேட்க இயலாதவரை ஓரிரு இரவுகள் உடனிருந்து கவனிக்க வேண்டும். மாலையில் கால் வீங்குபவர்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். காலில் தேங்கிய நீர், படுத்த பிறகு இரத்தத்தில் கலந்து இரவில் சிறுநீராக வெளியேறும். பிற்பகலில் காலை உயர்த்தி ஓரிரு மணி நேரம் ஓய்வெடுத்தால் இரவுச் சுமை குறையும்.

கேள்வி கேட்டவர்: புதிய மேற்பார்வையாளர்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். குறிப்பேட்டைப் பணியாளர்களிடம் கொடுக்காமல், தனியறையில் அமர்ந்து விவரத்தைச் சொல்லி, ஆசிரியரிடமே கொடுத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலையில், நான் வரைந்திருந்த கட்டங்களில் மணிக்கணக்கு சீராக இல்லை என்று கூறி, அவரே அளவுகோல் வைத்து வேறொரு தாளில் கட்டம் வரைந்து வைத்திருந்தார்.

மூன்று நாளும் ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையிலேயே நனைந்திருந்தது. காலை எட்டரைக்கு நீர் வெளியேற்றும் மாத்திரை கொடுக்கிறோம். ஒன்பது மணிக்கு எல்லாரையும் கூடத்தில் அமர்த்துகிறோம். கூடத்துக்கும் கழிப்பறைக்கும் இடையே நீண்ட நடைபாதை. மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். அவர் ஒப்புக்கொண்டபடி இப்போது ஆறரைக்கே கொடுக்கிறோம். ஒன்பதுவரை ஆசிரியர் தம் அறையில், கழிப்பறைக்கு அருகிலேயே நாளிதழ் படிக்கிறார். பகலில் டயப்பர் இல்லை. மெல்லிய பேட் ஒன்றைத் தம் விருப்பத்தின் பேரில் வைத்துக்கொள்கிறார். உணவறைக்கு இதுவரை இரண்டு முறை வந்தார். வாயிலுக்கு அருகிலுள்ள இருக்கையை அவருக்கென ஒதுக்கியிருக்கிறோம்.

அந்த அம்மாவிடம் இன்னும் முழு வெற்றி இல்லை. துண்டைப் போர்த்தி ஒரே பெண் பணியாளர் மாற்றுகையில் பெரும்பாலும் ஒத்துழைக்கிறார். காலையில் குளிக்கவைக்கும்போது மட்டும் பழையபடி கத்துகிறார். குளிர்ச்சியா, தண்ணீரின் ஓசையா, எழுந்தவுடன் அழைப்பதா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதில் அனுபவம் உள்ளவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.